முழு டம்ளர்

செப்டம்பர் 10

என் வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டு லேத் பட்டறை முழுவதும் கேட்க வைக்கிறார். அதனால் என் கதையெல்லாம் இனிமேல் காகிதத்தில்தான்.

முதலில் இந்த விடுதியில் என் அறை. கட்டிலிலிருந்து மூன்று எட்டு வைத்தால் ஜன்னல், அதன் கீழே மேஜை. சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் எனக்கே எனக்கென்று ஒரு சாவி! பத்திரமாக இருக்கிறதா என்று பையைத் திறந்து திறந்து பார்க்கிறேன். அடையாள அட்டையில் ‘மாணவி’ என்று போட்டிருக்கிறது. போட்டோவில் எனக்குப் பல்லெல்லாம் தெரிகிறது, கிண்டல் செய்யாதே.

இருபத்திரண்டு வருஷம் வார்டில் ஊசி போட்டவளுக்கு, நர்ஸ்களுக்குப் பாடம் நடத்துவது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள். பேராசிரியை என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாள் அவர் உள்ளே வந்ததும் நான் மட்டும் எழுந்து நின்றேன். இங்கே அந்தப் பழக்கம் இல்லையாம், வகுப்பே திரும்பிப் பார்த்தது. மறுநாளும் நின்றேன், கால் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

சமையலில்தான் பெரிய கூத்து. நம் வீட்டில் அரிசி அளக்கும் ஜோடி டம்ளரில் ஒன்றை எடுத்து வந்தேன் அல்லவா? கைப் பழக்கத்தில் அது நிறைய அரிசி போட்டுவிட்டேன். மூன்று பேர் சோற்றை ஒருத்தியாக மூன்று வேளை தின்றேன். மறுநாளும் அதே கதை. நல்லவேளை, பக்கத்து அறை சுருட்டைமுடிக்காரி வாசனை பிடித்துக் கதவைத் தட்டினாள். இப்போது தினமும் தட்டுடன் வருகிறாள்.

நீ சாப்பிடுகிறாயா? அப்பாவுடன் சண்டை போடாமல் இரு.

உன் அம்மா
(வரிசை எண் 31)


அக்டோபர் 4

மாணவி அம்மாவுக்கு,

ரொம்பத்தான் துள்ளுகிறாய். உன் கடிதத்தை அப்பா மூன்று தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். கேட்டால் தூசியாம்.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். இனி உண்மை. எனக்குக் கடைசி வருஷப் படிப்பு, வீட்டில் யார் துணி மடிப்பது என்பதே தெரியாது. அடுக்களையில் நாங்களும் டம்ளர் நிறையத்தான் போடுகிறோம். தினமும் ஒரு ஆள் சோறு மிஞ்சுகிறது. குறைத்துப் போடு என்று அப்பா என்னிடம் சொல்லவில்லை, நானும் அவரிடம் சொல்லவில்லை. குறைத்தால் நீ வரவே மாட்டாய் என்று ஆகிவிடும்போல இருக்கிறது.

ஒன்பது மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வருகிறேன். ஒரு நாள் கூடினாலும் உன்னுடன் பேசமாட்டேன்.

கோபமாக,
வாலு


மார்ச் 5

என் கோபக்காரிக்கு,

நேற்று நான் முதல் வகுப்பு எடுத்தேன்! எதிரே இருபது பேர். மார்க்கர் மூடியைத் திறந்து திறந்து மூடினேன். பிறகு, மயங்கி விழுந்த நோயாளியிடம் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன் பார், அப்புறம் நானா பேசினேன்? வார்டு பேசியது. மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. பேராசிரியை உள்ளே வந்தார், இந்தத் தடவை அவர்தான் நின்றார். நான் உட்காரச் சொன்னேன்.

இரண்டாம் வருஷத்துக்கு வகுப்பில் இரண்டு பேரை மட்டும் எடுக்கிறார்களாம். அதில் நானும் ஒருத்தி. முடித்தால் நானே ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் பொறுப்பேற்கலாம்.

ஆனால் முடியாது என்று எழுதி மடித்து வைத்துவிட்டேன். மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும். நீ காலண்டரில் அடித்துக்கொண்டிருக்கிறாய், அது எனக்குப் போதும். மனசு கொஞ்சம் வலிக்கிறது, பொய் சொல்லமாட்டேன். அப்பாவிடம் சொல்லாதே.

உன் அம்மா


மார்ச் 16

அம்மா,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்று முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா வந்துவிடுவாள் என்று குதித்தேன். பிறகு அந்த மணி அடித்த இடத்தைத் திரும்பப் படித்தேன். அதற்குமேல் குதிக்க முடியவில்லை.

அப்பா அரிசி டம்ளரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். சாயங்காலம் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். உட்புறம் சுற்றிலும் மெல்லிய கோடு ஒன்று, லேத்தில் போட்டது. “இது ரெண்டு பேருக்கு. இனிமே இந்தக் கோடு வரைக்கும் போடு” என்றார்.

நான் அழுதேன். நீ வரமாட்டாய் என்று முடிவே கட்டிவிட்டாரா என்று கத்தினேன். அவர் டம்ளரை வாங்கி விளிம்பைத் தடவிக் காட்டினார்.

“கோடு மட்டுந்தான் புதுசா போட்டேன். மூணு பேருக்கு முழு டம்ளர். அது அப்படியேதான் இருக்கு.”

இன்று கோடு வரைக்கும்தான் போட்டோம். ஒரு பருக்கை மிஞ்சவில்லை. நீயும் அங்கே ஒரு கோடு போட்டுக்கொள், சுருட்டைமுடிக்காரியையும் சேர்த்து.

மடித்து வைத்ததைக் கிழித்துப் போடு, டீச்சர். இன்னும் ஒரு வருஷம் அடிக்கப் புதுக் காலண்டர் வாங்கிவிட்டேன்.

வாலு