மங்களம் அத்தையின் வீட்டுப்பாடம்

மர்பி டவுன், பெங்களூரு
14 ஜூன் 2025

நீட்டி மடக்கி அடைக்கப்பட்டிருக்கும் நீட் மாணவி யாமினிக்கு,

முறுக்கு டப்பாவின் அடியில் காகிதம் கிடக்கிறதே என்று பார்க்கிறாயா? அலசூர் மார்க்கெட்டில் உன் அம்மாவைப் பிடித்தேன். "ரஞ்சிதம் ஆன்ட்டி, டப்பாவை நான் பேக் பண்ணித் தரேன்" என்றேன். "எப்பவும் இல்லாம இன்னைக்கு என்னடா பொறுப்பு?" என்று சந்தேகமாகப் பார்த்தார். கொடுத்துவிட்டார்.

உங்கள் விடுதியில் போன் கிடையாது, சொந்தக்காரர்கள் கடிதம் மட்டும்தான், அதையும் வார்டன் பிரித்துப் படிப்பார் என்று ஆன்ட்டி சொன்னார். எனவே இன்று முதல் உனக்கு ஜோகுபாளையத்தில் மங்களம் என்று ஓர் அத்தை. வயது அறுபது, இரண்டு முட்டியிலும் வலி. எழுதுவது நான். பதிலை என் வீட்டு முகவரிக்கே போடு.

எதற்கு இவ்வளவு என்றால், நான் மாட்டிக்கொண்டேன். பத்தாவது முடிந்ததும் "ரெண்டு பேரும் ஆர்ட்ஸ், ரெண்டு பேரும் இலக்கியம்" என்று சொன்னவள் நீ. ஃபர்ஸ்ட் பியூசி ஆர்ட்ஸில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீ மங்களூர் பக்கம் தவளையைக் கீறிக்கொண்டிருக்கிறாய். இலக்கியம் எனக்கு, இலக்கு உன்னோடு போய்விட்டது. தமிழுக்குச் சந்திரம்மா மேடம். கதை படித்துக் கட்டுரை எழுதினால்தான் இன்டர்னல் மார்க். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை விசாரிப்பாள், நீ பதில் எழுது.

சொந்தமில்லாத சொந்தம்,
ஜாய்சன்


ஜோகுபாளையம்
29 ஜூன் 2025

அன்பு மருமகள் யாமினிக்கு அத்தை மங்களத்தின் ஆசிகள்.

முட்டிவலி அப்படியே இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு, பிசிக்ஸைப் பயப்படாமல் படி.

நம் சொந்தத்தில் ஒரு விஷயம் நடந்திருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்க அவள் அப்பா போயிருக்கிறார். சோறு போட்டாள். சாப்பிடும்போது அவர் கேட்டாராம், "நல்லா இருக்கியாம்மா?" அதற்கு அவள், "கொழம்புல உப்பு போதுமாப்பா?" என்றாளாம். அவர் சாப்பிட்டார், கை கழுவினார், பஸ் ஏறி வந்துவிட்டார். செம குழப்பம். நம் வீட்டில் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருக்கிறோம். நடந்ததை நடந்தபடி எழுதிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அவள் பதில் சொன்னாளா, இல்லையா? நீ புத்திசாலி. காரணங்களோடு, இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுது. ஓரத்தில் இடம் விடு.

அன்புள்ள அத்தை,
மங்களம்


விடுதி
6 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு,

நலம். போன கடிதத்தில் 'செம' என்று எழுதியிருந்தீர்கள். அத்தைக்கு வயது என்ன என்று வார்டன் மேடம் கேட்டார். அறுபது என்று சொன்னேன்.

மேடத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மெஸ்ஸில் சமைக்கும் குணசேகர் அண்ணன் கோலார் தங்கவயல்காரர். அவர்தான் தமிழ்க் கடிதங்களைச் சத்தமாகப் படித்துச் சொல்கிறார். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அய்யோ பாப்பா, அந்தப் பொண்ணை உடனே கூட்டிட்டு வரச் சொல்லு" என்று மேடம் என்னிடம் சண்டைக்கு வந்தார்.

அவள் பதில் சொல்லிவிட்டாள் அத்தை. நன்றாக இருப்பவள் "ம்" என்று சொல்லிவிட்டு ரசத்தை எடுக்கப் போவாள். சொல்ல முடியாதவள்தான் திருப்பி ஒன்றைக் கேட்பாள். அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டிருக்கிறாள், கவனித்தீர்களா? நீங்கள் அனுப்பிய தாளில் இரண்டு இடத்தில் வருகிறது. அந்த வீட்டில் யாரும் அவளை அதட்டியதாக ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் பெற்ற அப்பா வந்திருக்கும்போது பக்கத்தில் உட்காரத் தோன்றாத வீடு அது. மீதியைத் தனித் தாள்களில் எழுதியிருக்கிறேன். ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

எனக்கு இங்கே உட்கார நல்ல நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். கவலைப்பட வேண்டாம்.

இப்படி வேறு யாருக்காவது ஏதாவது நடந்தால் உடனே எழுதுங்கள்.

உங்கள் மருமகள்,
யாமினி


மர்பி டவுன்
2 ஆகஸ்ட் 2025

யாமினி,

மறுபடியும் முறுக்கு டப்பா. இந்தத் தடவை அத்தை இல்லை, நான்தான்.

உன் கட்டுரையை என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சந்திரம்மா மேடம் வகுப்பில் வாசித்தார். "அவ நின்னுட்டே இருக்கிறதை எப்படிடா புடிச்சே?" என்றார். "நானும் நின்னுட்டேதான் மேடம் சாப்பிடுவேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், மேடம் தவிர. கல்லூரி மலரில் போடலாம் என்று சொல்லி, என் பெயரை எழுதச் சொல்லித் தாளை நீட்டினார். நான் வாத்தியார் நாற்காலிக்குக் கீழே பட்டாசு வைத்தவன், உனக்கே தெரியும். அப்படிப்பட்ட நான் பேனாவைத் திறந்து மறுபடியும் மூடிவிட்டேன்.

"இது என்னது இல்ல மேடம்."

"அப்ப யாரோடது?"

"அத்தையோடது. இல்ல, அத்தைக்கு எழுதினது. அத்தை நான்தான்."

மேடம் தண்ணீர் குடித்தார். பிறகு பூஜ்யம் போட்டார். மாத முடிவுக்குள் நானே எழுதித் தர வேண்டும், எத்தனை மோசமாக இருந்தாலும் சரி என்றார். அதனால் இனி நீ எனக்காக எழுத வேண்டாம். அடுத்த கேள்வியையும் அனுப்பவில்லை.

சரியாகத்தான் செய்தேனா? நல்லது செய்தது போலவும் இருக்கிறது, உன் பையில் கையை விட்டது போலவும் இருக்கிறது.

ஜாய்சன்


விடுதி
10 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

நீங்கள் சொல்லி அனுப்பியது கிடைத்தது. அந்தப் பெண்ணைப் பற்றி இனி நான் எழுத வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இங்கே திங்கள் முதல் சனி வரை கோச்சிங், டெஸ்ட், ராங்க். மார்க் வரும் என்று தமிழுக்குப் பதில் சமஸ்கிருதம் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். வருகிறது. ஞாயிறு மதியம் மட்டும் உட்கார்ந்து அவளைப் பற்றி யோசிப்பேன், உங்களுக்கு எழுதுவேன். எனக்கு இருந்த ஒரே வகுப்பு அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். உங்கள் மனசு சுத்தமாக இருக்க வேண்டும் என்று அதை இழுத்து மூடிவிட்டீர்கள். யார் பெயரில் போனால் எனக்கென்ன அத்தை? நான் பெயரா கேட்டேன்?

"அந்தப் பொண்ணு வந்துட்டாளா?" என்று வார்டன் மேடம் தினமும் கேட்கிறார். அத்தைக்கு அவள் மேல் அக்கறை போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
யாமினி


மர்பி டவுன், பெங்களூரு
23 ஆகஸ்ட் 2025

யாமினிக்கு, வார்டன் மேடத்துக்கு, குணசேகர் அண்ணனுக்கு,

மூவருக்கும் வணக்கம். அண்ணா, இதை நிறுத்தாமல் படித்துவிடுங்கள். நான் மங்களம் இல்லை. எனக்கு முட்டிவலி இல்லை. நான் ஜாய்சன், யாமினியோடு பத்தாவது வரை படித்தவன். உப்பு கேட்ட பெண் எங்கள் பாடத்தில் வரும் கதையில் இருக்கிறாள். யாமினி மேல் தப்பில்லை, எல்லாம் என் வேலை.

யாமினி, என் கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. நாம் எல்லோரும் மகள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கு அப்பாதான் உறுத்தினார். அவர் ஒரு தடவைதான் கேட்கிறார். அவள் உப்பு என்றதும் "போதும்மா, மோர் இருக்கா?" என்கிறார். புரியாமல் மோருக்குப் போனாரா, புரிந்ததால் போனாரா? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதிவிட்டேன். மேடம் இன்னும் மார்க் போடவில்லை.

நானும் மோர் கேட்கிற ஆள்தான். இவ்வளவு கடிதத்தில் வேளைக்குச் சாப்பிடு என்றேன், காரணங்களோடு எழுது என்றேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. நாற்காலி நன்றாக இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன், முட்டாள்.

யாமினி, நீ நல்லா இருக்கியா?

நாற்காலியைப் பற்றி எழுதினால் மறுபடியும் கேட்பேன்.

ஜாய்சன்


விடுதி
31 ஆகஸ்ட் 2025

ஜாய்சனுக்கு,

குணசேகர் அண்ணன் மெஸ்ஸில் நின்று உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். "நான் மங்களம் இல்லை" வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார். மேடம் மேலே படிக்கச் சொன்னார். அண்ணன் கடைசிவரை படித்தார்.

"அப்ப அந்த ஹுடுகி நிஜம் இல்லையா?" என்றார் மேடம்.

"கதையில வர்ற பொண்ணு மேடம்."

"கதையில அப்பா திரும்பி வருவாரா?"

"அதோட முடிஞ்சிடுது மேடம்."

அதுவரை வராத கோபம் அப்போதுதான் வந்தது. கதை எழுதியவரைத் திட்டினார், உன்னைத் திட்டினார். உன் கடிதம் இனி உள்ளே வராது. பிறகு, "ஒந்தே ஒந்து ரிப்ளை எழுதிக்கோ, நான் பார்க்க மாட்டேன்" என்று சொல்லிக் கவரையும் கொடுத்தார். ஒன்றே ஒன்றுதான், அதனால் வீணாக்காமல் எழுதுகிறேன்.

மோர் இடம் எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு தடவை படித்தும் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். பொறாமையாக இருக்கிறது. உன் மேல் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை.

பயாலஜி வருகிறது, பிசிக்ஸும் வருகிறது, பெண்கள் எல்லோரும் நன்றாகப் பழகுகிறார்கள். ஆனாலும் இல்லை. ஏன் என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்கு எழுத என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறு அப்பா வருகிறார். இதை அவரிடம் சொல்ல வேண்டும். வாயில் வருமா என்று தெரியவில்லை, அதனால் முதலில் உனக்கு எழுதிப் பார்த்தேன்.

எழுத வருகிறது.

யாமினி