பாய் வீட்டு மாடியில் உன் தோட்டம்

என் ஆசை நைனா,

நீ போன பிறகு வந்த முதல் மழையிலேயே உன் தோட்டத்துக்கு ஆபத்து வந்துவிட்டது.

நம் அடுப்பங்கரைக்குப் பின்னால், மொட்டைமாடியின் தாழ்வான கீழ்த்தளம் நிறைய நீ டிரம்மும் தொட்டியுமாக நெருக்கி அடுக்கி வைத்திருந்தாயே, அதற்கு நேர் கீழேதான் வீட்டுக்கார பாயின் சமையலறை. கூரை ஒழுகி, மனிதர் குடையோடு ஏறி வந்துவிட்டார்.

“இன்னாம்மா இது, கிச்சன்ல மழ பேஞ்சிகினு கீது! உங்க நைனா மொகத்துக்காக இத்தினி நாளு சும்மா இருந்தேன். இந்த மாசத்துக்குள்ள செடியெல்லாம் எறக்கிடு.”

உன் படகை விற்றாயிற்று. சட்டைகளை யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. இதுவும் போனால் நீ இந்த வீட்டில் இருந்ததற்கு என்ன மிச்சம்? அந்த மாதத்துக்குள் தோட்டத்தையே மாற்றி அமைத்துக் காட்டுகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

மூன்று படி ஏறினால் மேல்தளம் சும்மாதானே கிடந்தது? காற்று அதிகம் என்று நீதான் அதை ஒதுக்கி வைத்திருந்தாய். தம்பியும் அவன் படகுக் கூட்டாளிகளும் கனமான டிரம்களைக் கயிறு கட்டி இழுத்து அங்கே சுவரோரமாக ஏற்றிவிட்டார்கள். துறைமுகத்தைப் பார்த்த பக்கத்தில் பழைய வலையை மடித்துக் கட்டியதில் உப்புக்காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பாகல்கொடி அதிலேயே ஏறுகிறது. கீழ்த்தளத்தில் இனி கீரை மட்டும்தான், மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகளில், செங்கல் மேல்.

கீழ்த்தளம் காலியானபோதுதான் உன் குட்டு வெளிப்பட்டது. மூலையில் மழைத்தண்ணீர் இறங்கும் ஓட்டையைக் கயிற்றுப் பிரியும் தாரும் திணித்து, படகை அடைப்பது மாதிரி அடைத்து வைத்திருக்கிறாய்! தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தால் அங்கேயும் அதே கதை. ஓட்டையைக் கண்டால் உன் கை சும்மா இருக்காதா, நைனா?

“கடல்ல தண்ணி உள்ள வரக் கூடாது, சரி. மாடியில வெளிய போவக் கூடாதுன்னு யாருய்யா சொன்னாங்கோ?” என்று அம்மா உன் படத்தைப் பார்த்துத் திட்டினாள். திட்டிக்கொண்டே சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாயிடம் மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். உன் பேர் கெடுமே! ஆனால் மனசு கேட்கவில்லை. தோண்டி எடுத்த தார்க்கட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். “எங்க நைனா பண்ண வேலதான் பாய்.”

அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பைப்புல எலி ஏறி வருதுன்னு நான்தாம்மா அவராண்ட சொன்னேன். அவரு குந்திகினு அடைச்சாரு, நான் தாரு டப்பாவ புடிச்சிகினு நின்னேன். சுத்தமா மறந்தே பூட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தோட்டம் இருக்கட்டும். ஓட்டைக்கு ஒரு சல்லடை மட்டும் போட்டுடு.”

நேற்று நல்ல மழை. பாய் வீட்டுக் கூரையில் ஒரு சொட்டு இல்லை.

நீ காயவைத்துவிட்டுப் போன வெண்டை விதையை விதைத்திருக்கிறேன். காய்த்ததும் பாயையும் அம்மாவையும் மேல்தளத்தில் உட்கார வைத்துச் சோறு போடுவேன். உன்னைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரிப்போம், இது சத்தியம். நடுவில் யாராவது அழுதுவிட்டால் மட்டும் கோபித்துக்கொள்ளாதே.

உன் மூத்த பெண்,
செல்வி
கல்மண்டபம்