அடித்துவிட்ட சொல்

2008 மார்ச் 12, புதன்

சிங்கள நண்பன் நிமலின் மோட்டார் சைக்கிளில் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். காலநிலை மாற்றம் பற்றித் தொழிலாளர்களிடம் பேசக் கூட்டம். சிங்கள நோட்டீஸை அவன் எழுதினான், தமிழை நான் எழுதினேன். இரண்டிலும் ஒரே வரி: "காலநிலை மாற்றத்தை எதிர்த்துப் போராடுவோம்."

யுத்த காலம்; வழியில் செக் பாயின்ட். பொலிஸ்காரர் அவனுடைய நோட்டீஸ் கட்டைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். என்னுடையதைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தார். 'போராடுவோம்' வந்ததும் பொலிஸ்காரர் நிறுத்தச் சொன்னார்.

"யாரோட போராட்டம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"வெயிலோட, சார்."

யாரும் சிரிக்கவில்லை. சிங்களத் தாளிலும் அதே சொல்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிமலும் சொல்லவில்லை.

மாற்றி எழுதினால் விடுவதாகச் சொன்னார்கள். மணல் மூட்டைமேல் வைத்து ஒவ்வொரு தாளிலும் அந்தச் சொல்லை அடித்து, "பொறுத்துக்கொள்வோம்" என்று எழுதினேன். பயத்தில் அதுதான் வந்தது. நிமல் ஒவ்வொரு தாளாக எடுத்து நீட்டினான். உதவியாம்.

தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் செல்லம்மா அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"குடிக்கப் பிடிக்கிற பீலியில தண்ணி நின்னு ரெண்டு மாசமாச்சு, சார். கொழுந்தும் இல்ல, வேலையும் இல்ல. பொறுத்துக்கிட்டுதான் இருக்கோம். இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

திரும்பும்போது, அந்த அம்மா என்ன சொன்னாள் என்று நிமல் கேட்டான்.

நன்றி சொன்னாள் என்றேன்.