ஈரக் காலோடு

நெய்வேலி, பிளாக் 18
12.9.2025

சாமியம்மாளுக்கு விருத்தாம்பாள் எழுதுவது.

நம் பழைய ஊர் கொல்லைமேட்டில் கடைசியாக மழை வேண்டி மழைச்சோறு எடுத்த அன்றைக்கு இருந்தவர்கள்: நான், நீ, என் மாமியார் குப்பம்மாள், ருக்குமணி, பிரபாவதி, மலர்கொடி, உங்கள் காலனியில் அஞ்சலை, அவள் நாத்தனார் பச்சையம்மாள், அப்புறம் இடுப்பில் பிள்ளையோடு ராயப்பன் பெண்சாதி. ஒன்பது பேர். ராயப்பன் பெண்சாதியின் பேர்தான் வாயில் வரவில்லை. பிள்ளையின் காலில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு வரைக்கும் நினைவிருக்கிறது.

முப்பத்தொன்பது வருஷம் பேசாமல் இருந்துவிட்டு எடுத்ததும் பேர் வாசிக்கிறாளே என்று நினைப்பாய். காரணம் உன் பேரன் இளம்பரிதி.

முந்தாநாள் என் பேத்தி சத்யப்பிரியா போனில் ஒரு பாட்டு வைத்தாள். "ஆயா, இது நம்ம பக்கத்துப் பசங்க பாட்டு. சினிமாவெல்லாம் இல்ல. அவங்களே பாடி அவங்களே வுட்டது" என்றாள். மூன்று பேராம், பாடுகிறவன் உன் பேரன். ஒருத்தன் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, ஷிஃப்ட் முடிந்து வந்துதான் பறை அடிக்கிறானாம். குவார்ட்டர்ஸ் ஜன்னலில் போர்வை கட்டிப் பதிவு பண்ணினார்களாம். குழுவுக்கு 'மண்மேடு' என்று பேர், சுரங்கத்தில் தோண்டிக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அது. வைக்க வேறு பேர் கிடைக்கவில்லை பார்.

நான் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது.

*ஏரி வெடிச்சுப் போச்சே, எறும்புக்கும் தண்ணியில்ல,
போறோம் போறோம் எங்க தாயே, பொழைக்க ஊர் தேடிப் போறோம்.*

அந்த இழுப்பு உன் இழுப்பு. 'தாயே'யில் நீ மூச்சு வாங்குகிற இடத்திலேயே அவனும் வாங்குகிறான்.

ஆனால் பாட்டு 'போறோம்' என்பதோடு முடிந்துவிட்டது. அப்படி நிறுத்தக்கூடாது என்று உனக்குத் தெரியாதா? வீடு வீடாகக் கூழ் வாங்கி, எல்லையில் ஒரே சட்டியில் தின்று, ஊரை விட்டே போகிறோம் என்று வானத்துக்குக் கேட்க ஒப்பாரி வைத்தால், திரும்பி வருகிற பாட்டையும் பாட வேண்டும். இல்லாவிட்டால் போனது போனதுதான். பிள்ளை மறந்துவிட்டானா, நீ சொல்லித் தரவில்லையா?

போனில் கேட்டால் நடுவில் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கீழே வைத்தாலும் மறுபடி எடுப்பாய்.

முட்டி வலி உனக்கும் உண்டா? என்ன தைலம் போடுகிறாய்?

விருத்தாம்பாள்


முத்தாண்டிக்குப்பம்
20.9.2025

விருத்தாம்பாள் அம்மாளுக்கு சாமியம்மாள் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. அறிவொளி இயக்கத்தில் படித்த எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ராயப்பன் பெண்சாதியின் பேர் தனம். அந்தப் பிள்ளை இப்போது பண்ருட்டியில் முந்திரிக் கம்பெனியில் மேஸ்திரி.

இளம்பரிதி எதையும் மறக்கவில்லை. நான்தான் சொல்லித் தரவில்லை. 'போறோம்' எங்கள் பாட்டு. திரும்பி வரும்போது 'வா' என்று அழைக்கிற பாட்டு உங்கள் தெருவுடையது. ஊர் முகப்பில் நின்று தெருவின் மூத்த மருமகள் பாடினால்தான் நாங்கள் உள்ளே வரலாம். அந்த வருஷம் மூத்த மருமகள் நீங்கள்.

எல்லையில் கூழ் தின்னும்போதே மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் முன்னால் ஓடினீர்கள். முகப்பில் நின்று அழைக்கத்தான் ஓடுகிறீர்கள் என்று நினைத்தோம். நான் காலிச் சட்டியோடு வேப்பமரத்தடியில் நின்றேன். "இருடி, தொண்டைய செருமிகினு வருவாங்க" என்றாள் அஞ்சலை. உங்கள் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது. வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு காலனிக்குப் போனோம்.

பாடாத பாட்டை நான் எப்படிச் சொல்லித் தருவது?

மூன்று வருஷம் கழித்து ஊர் சுரங்கத்துக்குப் போயிற்று. லாரியில் சாமான் ஏற்றுகிற இடத்தில் ருக்குமணி என்னைக் காட்டி, "இவ பாடின பாட்டுதான் ஊரையே கெளப்பிடுச்சு. கரிநாக்கு" என்றாள். நீங்கள் பக்கத்தில் அம்மியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அந்த அம்மி பேசியிருந்தாலும் பேசியிருக்கும்.

முட்டிக்கு வேப்பெண்ணெய்தான்.

சாமியம்மாள்


நெய்வேலி
27.9.2025

சாமியம்மாளுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தேன். அளக்கப் போகும்போதெல்லாம் கையில் பட்டது.

உள்ளதைச் சொல்கிறேன். முகப்பில் நிற்கத்தான் ஓடினேன். பாட்டு தொண்டைவரை வந்துவிட்டது. மாமியார் பின்னாலேயே வந்து முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "மழதான் வந்துடுச்சே, இன்னும் எதுக்குடி அழைக்கிற? இன்னிக்கி கூப்புட்டா நாளைக்கி நடைவரைக்கும் வந்து நிப்பாளுங்க" என்றாள். பாட்டில் இருப்பதே அதுதானே.

*ஈரக் காலோட வா தாயீ, எங்க நடையேறி வா தாயீ.*

பாடினால் நடையேற்ற வேண்டும். பாடாமல் வீட்டுக்குள் போய்விட்டேன்.

மாமியாருக்கு இருபத்தேழு வருஷம் சோறு போட்டேன். சாகும்போது வாயில் பால் ஊற்றினதும் நான்தான். ஆனால் முந்தானையை இழுத்ததை அவள் கணக்கிலிருந்து நான் எடுக்கவில்லை. லாரியடியில் ருக்குமணி சொன்னதற்குச் சிரித்தவள் பிரபாவதி, அதுவும் கணக்கில் இருக்கிறது. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் ருக்குமணி என் எதிர் இலையில் வந்து உட்கார்ந்தாள். பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டேன்.

வரியை எழுதிவிட்டேன். உன் பேரனைச் சேர்த்துப் பாடச் சொல். பாட்டு அநாதையாக நிற்க வேண்டாம்.

விருத்தாம்பாள்


முத்தாண்டிக்குப்பம்
8.10.2025

விருத்தாம்பாளுக்கு,

வரியை இளம்பரிதியிடம் காட்டினேன். "இத நான் பாடக்கூடாது ஆயா. அழைக்கிறவங்கதான் பாடணும்" என்றான். பிறந்ததிலிருந்து அவன் பேசின உருப்படியான பேச்சு அது.

நவம்பர் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உங்கள் டவுன்ஷிப்பில் ஒரு மண்டபத்தில் பாடுகிறார்கள். கடலூரிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் இவர்களைப்போலவே சொந்தமாகப் பாட்டு கட்டுகிற பிள்ளைகள் வருகிறார்களாம். என்னையும் மேடையேறச் சொல்கிறான்.

நான் 'போறோம்' பாடுவேன். அதோடு நிறுத்திவிட்டு நிற்பேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. வேப்பமரத்தடியில் நின்ற அளவுக்கு நிற்க மாட்டேன். முட்டி.

சாமியம்மாள்


நெய்வேலி
5.11.2025

சாமியம்மாளுக்கு,

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா? இறங்கியதும் போன் பண்ணச் சொன்னேன், பண்ணவில்லை. அதை இந்தத் தடவை மனதில் வைக்கவில்லை.

நீ மேடையில் கண்ணை மூடிக்கொண்டே நின்றாய். அதனால் நடந்ததை உனக்கே எழுத வேண்டியிருக்கிறது. 'போறோம்' முடிந்ததும் பறை நின்றது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். சத்யப்பிரியா என் தொடையைக் கிள்ளி, "ஆயா, எழுந்திரு" என்றாள். எழுந்தேன். முதல் வரி தொண்டையிலேயே செத்துப்போயிற்று. பின்னால் ஒருத்தன் சிரித்தான். திரும்பி முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். இரண்டாவது தடவைதான் வந்தது. குரலா அது, உடைந்த பானை. ஆனாலும் நீ கண்ணைத் திறக்காமலே, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாய். 'தாயீ' என்கிறபோது என் முன்னால் நின்றாய்.

அப்புறம் அந்த மழை. எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, முந்தானையால் காலைத் துடைக்கக் குனிந்தாயே. "தொடைக்காதடி" என்றேன். உன் கால் தடம் அடுப்படிவரை போயிற்று. நீ போன பிறகு மருமகள் துடைக்கத் துணி எடுத்தாள். நான் பார்த்த பார்வையில் துணியை வைத்துவிட்டாள். அது தானாகக் காய்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

போகும்போது, "எல்லாரையும் வுட்டுடு அக்கா. வெச்சிகினு இன்னா பண்ணப் போற" என்றாய். அக்கா என்றாய். அதற்காகவே முயன்று பார்த்தேன். திங்கட்கிழமை மாமியாரை விட்டேன். அவளும் அவள் மாமியாருக்குப் பயந்தவள்தான். பிரபாவதியை விட்டேன். நேற்று ருக்குமணிக்குப் போன் போட்டு, ஊரை அனுப்பினது உன் பாட்டு இல்லை, என் கதவுதான் என்று சொன்னேன். "சாமியம்மா நல்லாக்கீறாளா?" என்று கேட்டாள். அவளையும் விட்டேன், கஷ்டமாகத்தான் இருந்தது. சிரித்த பையனைக்கூட விட்டுவிட்டேன்.

ஒருத்தியை மட்டும் விடமாட்டேன். இதில் நீ சிபாரிசுக்கு வராதே. அன்றைக்கு யாரும் அவள் வாயைப் பொத்தவில்லை. மாமியார் இழுத்தது அவள் முந்தானையை மட்டும்தான். நீ மழையில் நிற்பது தெரிந்தே கதவைச் சாத்தினது அவள் கை.

இப்படிக்கு,
விருத்தாம்பாள்