நான் கேட்டு வாங்கிய ஏழு அடி

ஜனவரி 13, ஞாயிறு

உத்தரவு வந்துவிட்டது. எபெனேசர் பிரசங்கியாரின் கல்லறை இனி அரசு காக்கும் சின்னம். ஆராதனை முடிந்ததும் மூப்பர் இருக்கையிலிருந்து நானே வாசித்தேன். செயலாளர் அல்லவா! கல்லறையைச் சுற்றி நான்கு பக்கமும் ஏழு அடிக்கு மண்ணில் கடப்பாரை படக்கூடாது. அந்த ஏழு அடி நான் மனுவில் எழுதிச் சேர்த்தது. எங்கள் சபைக்கு மேலே பிஷப் கிடையாது. கை தூக்கி ஓட்டுப் போட்டால் எங்கள் பெத்தானியா ஆலயத்தை நாளைக்கே விற்றுவிடலாம். மிச்சம் இருப்பது எட்டுப் பேர். வாங்குகிறவன் பிரசங்கியார் பக்கத்தில் கார் நிறுத்தக்கூடாது என்றுதான் முந்திக்கொண்டேன்.

என் மனைவி நெஸ்டா மூன்றாவது வரிசையில் மிட்டாயைச் சப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். வீட்டுக்கு வரும்போது, "செத்து இருநூறு வருஷமான மனுஷனுக்குப் பாக்குற சேவகத்துல பாதி எனக்குப் பாத்திருந்தா, சமையல்கட்டுக் கூரை ஒழுகாது" என்றாள்.

ஜனவரி 24, வியாழன்

நெஸ்டாவுக்குக் கணையத்தில் புற்று. வசந்தம் வரை என்றார் டாக்டர்.

திரும்பும்போது மழை. நெஸ்டா ஜன்னலைப் பார்த்தபடியே, "எங்கப்பா அம்மாவோட போட்டுடு, இட்வல். வேற ஒண்ணும் வேணாம். பாட்டு நீ எதை வேணா வெச்சுக்கோ" என்றாள். சரி என்றேன். பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. அவளுடைய பெற்றோரின் குழி பிரசங்கியார் கல்லறையை ஒட்டி இருக்கிறது.

ஜனவரி 25

டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். மூன்றடி இரண்டு அங்குலம்.

பிப்ரவரி 4, திங்கள்

கவுன்சிலுக்குப் போன் செய்தேன். "ஏழு அடி கண்டிப்பா வேணும்னு மூணு கடிதம் போட்டவர் நீங்கதானே சார்?" என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். விலக்கு வேண்டுமென்றால் இன்ஜினீயர் அறிக்கை வேண்டும். பிறகு கமிட்டி. கமிட்டி ஜூனில் கூடும்.

ஜூன்!

தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும். என்னைச் சுடட்டும். அவளை ஏன்?

பிப்ரவரி 17, ஞாயிறு

இரண்டு கரண்டி சூப் குடித்தாள்.

"இடம் என்னாச்சு?"

"ஏற்பாடு ஆயிட்டிருக்கு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற ஏதாவது சொல்லணுமா, இட்வல்?"

"இல்லையே."

இவ்வளவு எளிதாக எனக்குப் பொய் வருகிறது. நாற்பத்தாறு வருடம் அவளோடு வாழ்ந்தவனுக்கு!

மார்ச் 1

தாவீது திருநாள், எங்கள் நாட்டுப் புனிதரின் நாள். வழக்கப்படி சட்டையில் லீக்ஸ் தாளைக் குத்திக்கொள்ள மறந்துவிட்டேன். படுத்தபடியே நெஸ்டாதான் குத்திவிட்டாள்.

மார்ச் 11, திங்கள்

குழி வெட்டும் எம்லினிடம் கேட்டே விட்டேன். யாருக்கும் சொல்லாமல் விடியற்காலையில் தோண்டிவிட்டால் என்ன?

"ஏற்கெனவே அந்தக் கல்லு குடிகாரன் மாதிரி சாஞ்சு நிக்குது. நான் ரெண்டு மண்வெட்டி போட்டேன்னா எபெனேசர் என் தலைமேலதான் உக்காருவாரு. அயினோன்ல அத்தனை இடம் கெடக்குதே, அங்க கேளுங்களேன்" என்றான்.

அயினோன்! பாப்டிஸ்ட்காரர்களிடம்! என் தாத்தா அவர்கள் வாசல் வந்தால் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் நடப்பார். எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அந்த மண்ணில் இல்லை. அவர்கள் செயலாளர் மெய்ரிக்கும் நானும் பாட்டுப் போட்டித் தகராறுக்குப் பிறகு இருபது வருடமாகத் தலையை மட்டும்தான் ஆட்டிக்கொள்கிறோம். அவனிடம் போய்க் கேட்பதா? கேட்டாலும் நெஸ்டாவிடம் எதைச் சொல்வது — உன் அப்பா அம்மா இங்கே, நீ அங்கே, காரணம் நான் என்றா?

மார்ச் 16

இன்று சொல்லிவிடுவது என்று எழுந்தேன். தலையணையைச் சரிசெய்தேன். சொல்லவில்லை.

மார்ச் 21, வியாழன்

நெஸ்டா போய்விட்டாள். காலை பத்தேகால். நான் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசிவரை சொல்லவில்லை. கடைசிவரை. சீ, நானும் ஒரு மனுஷனா?

மார்ச் 22, வெள்ளி

வேறு வழியில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மெய்ரிக் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு குழிக்கு இடம் வேண்டும், உங்கள் சபை ஓட்டுப் போட எத்தனை நாளாகும் என்று கேட்டேன். உட்காரவைத்தான். டீ ஊற்றினான். பிறகு தரையைப் பார்த்தபடி பேசினான்.

"ஓட்டு பிப்ரவரி பத்தாம் தேதியே போட்டாச்சு. ஒரு கை விடாம தூக்குனாங்க. நெஸ்டாம்மா எனக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. நீங்க மேல நின்னு ஏழு அடின்னு வாசிச்சது, ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே அவங்களுக்கு ஞாபகம் வந்துடுச்சாம்."

"ஏன் எங்கிட்ட..."

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அவரே சொல்லட்டும். அதுவரைக்கும் நீங்க மூச்சு விடாதீங்க'ன்னாங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன் பண்ணுவேன். 'இன்னும் சொல்லல'ம்பாங்க. போன ஞாயிறு மட்டும் எதுவும் சொல்லல."

டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 27, புதன்

அடக்கம் முடிந்தது. எங்கள் எட்டுப் பேரில் மிச்சமிருந்த ஏழு பேரும் நின்றோம். அயினோன்காரர்கள் அறுபது பேர் நாலு குரலில் பாடினார்கள்.

எல்லோரும் போன பிறகு எம்லின் மண் தள்ளிக்கொண்டிருந்தான். ஏன் இத்தனை ஆழம் என்று கேட்டேன்.

"அம்மா சொன்ன அளவு. ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு பெட்டி வைக்கிற ஆழம். கீழ அவங்களுக்கு, மேல உங்களுக்குன்னாங்க."

திட்டியிருக்கலாம். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கலாம். அதையாவது தாங்கியிருப்பேன். எல்லாம் தெரிந்தும் எனக்கு இடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், இதை நான் என்ன செய்ய?

அங்கே போனதும் அவளிடம் முதலில் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இந்த நோட்டை எடுத்தேன். அரை மணி நேரமாகிறது. இன்னும் ஒரு வரி வரவில்லை.