மார்கழிக் குளிரில் வேர்த்தது

அக்கா,

இன்று காலை கம்பளியை உதறி வெயிலில் போட்டேன். வேர்வையில் ஊறிய அந்தக் கம்பளி வாடை உன்னை அப்படியே கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டது. மூணாறு முழுக்கப் பல் கிட்டிக் கிடக்கிற மார்கழி. எனக்கு மட்டும் விடிகிற நேரத்தில் வேர்த்து ஊற்றுகிறது.

ஒற்றைக் கொம்பன் யானையைக் கைதட்டி விரட்டியவன் நான். நீ இருந்தால், "அது பன்னிலே" என்பாய். சரி, பன்றிதான், ஆனால் யானை அளவுப் பன்றி. அப்பேர்ப்பட்டவனுக்கு ப்ராஸ்டேட்டில் கட்டி. ஆண் ஹார்மோனை அடக்க ஊசி போடுகிறார்கள். அதிலிருந்துதான் இந்தச் சூடு. கூடவே மறதி.

டாக்டர் சின்னப் பெண். போன தடவை எனக்குப் புரியும்படி சொன்னாள். மூளையில் நரம்பு செல்லைப் பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்ளத் துணை செல்கள் உண்டாம். அவற்றுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று பொடிப்பொடி அடுப்புகள். ஆணோ பெண்ணோ, ஹார்மோன் குறைந்தால் அந்த அடுப்புகளும் மந்தமாகலாமாம். இன்னும் முழுசாகத் தெரியாது என்றாள். தேயிலை ஃபேக்டரியில் டிரையருக்கு விறகு போட்டவனுக்கு இதுகூடவா விளங்காது? பெயரெல்லாம் மெஷினுக்கு, அடுப்பு தணிந்தால் இலை காயாது.

"மறதி இருக்கா தாத்தா?" என்று கேட்டாள். பக்கத்தில் மருமகள். "எனக்கா? பொறந்த அன்னைக்கு மழை பேஞ்சதுகூட ஞாபகம் இருக்கு" என்று அளந்துவிட்டு வந்தேன். பேரன் பெயரே நாக்கில் வராமல் தவிப்பவன் நான்.

எழுபதுகளில் நம் எஸ்டேட் கோயில் கொடைத் திருவிழாவில் உனக்கும் இப்படித்தான் வேர்த்தது. எதிரே நிற்பவன் தெரியாத மூடுபனி. நீ திடீரென்று கம்பளியை வீசி எறிந்தாய். முகமெல்லாம் முத்து முத்தாக வேர்வை.

"ஆத்தா எறங்கிட்டா!" என்றது கூட்டம். மேளம் வேகம் பிடித்தது. உன் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். சாமியாடியின் தம்பி என்று நான் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் நின்றேன். கங்காணி கும்பிட்டுக் குறி கேட்டார்: "தாயே, எம் மாடு எந்தப் பக்கம் போச்சு?"

"ஏ கங்காணி, காலைல எங் கூடைய எங்கன வச்சேன்னே எனக்குத் தெரியல. ஒம் மாட்டுக்கு நான் எங்க போவேன்?" என்றாய். வேப்பிலையைக் கீழே வைத்தாய். "சாமியுமில்ல பூதமுமில்ல. எனக்குத் தீட்டு நின்னு போச்சு. அதான் வேக்குது."

மேளம் நின்றது. கோயில் வாசலில், அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில்! நான் பந்தல் காலுக்குப் பின்னால் போய் முகத்தை மறைத்துக்கொண்டேன். பக்கத்து லய வீட்டு மதினிதான் முந்தானையால் உனக்கு விசிறியபடி, "எனக்கும் இப்படித்தான் எரியுது தாயி, வெளிய சொல்லல" என்றாள்.

அன்று உன் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்கு நடந்தேன். "வேக்குறது எனக்கு. ஒனக்கு என்னலே வெக்கம்?" என்று கேட்டாய்.

இன்று மதியம் ஊசிக்குப் போனோம். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டாள். புதுசாக ஒரு புளுகு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "மறக்குதும்மா. பேரன் பேரே மறக்குது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "சொன்னாத்தானே தாத்தா பாக்க முடியும்" என்று சில சோதனைகள் எழுதினாள்.

"இதப் போயா மாமா மறைச்சீங்க?" என்றாள் மருமகள். எனக்குக் கூசியது.

திரும்பும்போது ஜீப்பில் நெருக்கியடித்த கூட்டம். பாதி ஏற்றத்தில் சூடு கிளம்பியது. பக்கத்துப் படுதாவைத் தூக்கிவிட்டேன். பனி உள்ளே பாய்ந்தது.

"யாருய்யா அது, இந்தக் குளிர்ல?" என்று ஒருவன் கத்தினான்.

"நாந்தான். ஊசி போட்டதுல வேக்குது" என்றேன்.

ஜீப்பே திரும்பிப் பார்த்தது. என் காது மடல் எரிந்தது. ஊசியாலா, வெட்கத்தாலா, தெரியவில்லை. இந்த வெட்கம் என்னை விட்டுப் போகாது போலிருக்கிறது, அக்கா. ஆனால் இறங்கும்வரை படுதாவை நான் இறக்கவில்லை.