இடுப்பில் இருக்க வேண்டியது

அன்பு மகள் ஜெனெல்லுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நாங்கள் நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம், அலாஸ்கா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி மேபலும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் எந்நேரமும் ஜெபம். போனில் பேசுகிறவள் கடிதம் போட்டிருக்கிறாளே என்று பதறாதே. போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், நான் சொல்ல வேண்டியதோ அவரைப் பற்றி. ஆலங்கட்டி மழையில் கூரை போனது, பெக்கான் மரம் இந்த வருஷம் காய்க்காமல் ஏமாற்றிவிட்டது, அதெல்லாம் ஒரு கவலையா, விடு.

அவருக்கு மறதி வந்துவிட்டது என்று முன்பே சொன்னேன், வயசானா அப்படித்தாம்மா என்றாய் நீ. போன மாதம் ஒரு ஞாயிறு சபையில் நடந்ததைக் கேள். ஆராதனை நேரத்தில் கைத்துப்பாக்கியோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாசலைக் காவல் பார்ப்பவர்களுக்கு இன்றைக்கும் இவர்தான் தலைவர். பாட்டு நடுவில் எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தார். நம் சின்ன சபையில் எல்லோருக்கும் இருப்பது அந்த ஒன்றுதானே, அடுத்ததாக ட்ரீவாவின் பேத்தி போனாள், ஐந்து வயசு. போன பிள்ளை இரண்டு கையாலும் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுப்பாதையில் வருகிறாள், குழல் அவள் மோவாயைப் பார்த்து நிற்கிறது. "வெர்லன் தாத்தா, பேப்பர் உருளை மேல இத வச்சுட்டு வந்துட்டீங்க" என்று நீட்டுகிறாள். பாட்டு அப்படியே நின்றுவிட்டது. உன் அப்பா முதலில் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார், அங்கே வெறும் உறை. பிறகு வாங்கிச் செருகிக்கொண்டார். குண்டு ஏற்றித்தான் இருந்தது, எப்போதும் அப்படித்தான் வைத்திருப்பார்.

துப்பாக்கிப் பயிற்சி வாத்தியாராக இதை எத்தனை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார் பார்! "கக்கூஸ்ல உக்காரும்போது துப்பாக்கிய எங்கேயும் எடுத்து வைக்காதீங்கடா, கழட்டின பேன்ட்டுக்குள்ளயே கிடக்கட்டும், அத விட்டுட்டு நீ எந்திரிச்சுப் போக முடியாது" என்பார், பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்த மனுஷன்தான் இவர். ஆராதனை முடிந்ததும் ஆண்கள் எல்லோரும் தோளில் தட்டி, "என்ன வாத்தியாரே, உங்க பாடத்துல நீங்களே ஃபெயிலா?" என்று கேலி பேசினார்கள். போதகர் கர்த்தர் காத்தார் என்று சொல்லி முடித்துக்கொண்டார். ட்ரீவா மட்டும் பேத்தியை மடியை விட்டு இறக்கவே இல்லை. அன்றிலிருந்து அவள் சபைக்கு வருவதில்லை.

நான் சும்மா இருக்கவில்லை கண்ணு. போலீஸில் இருக்கிறானே கார்வின், இவரிடம் படித்தவன், அவனிடம் போய் அழுதேன். "நான் என்ன அத்தை செய்ய முடியும்? துப்பாக்கி வச்சுக்க இப்ப லைசென்ஸும் வேணாம், பயிற்சியும் வேணாம்னு ஆயிடுச்சே, எதச் சொல்லி நான் வாங்கறது?" என்கிறான். இந்த ஓக்லஹோமாவில் அந்தச் சட்டம் வந்த அன்று உன் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார், ஞாபகம் இருக்கிறதா? "சுமக்கறது உரிமைதான், யார் இல்லைன்னா? ஆனா கத்துக்காம சுமக்கறவன் ஊருக்கே எமன்" என்று கத்தினார். வகுப்புக்கு ஆள் வருவதும் நின்றுபோனது. இப்போது அதே சட்டம்தான் இவரையும் ஒரு கேள்வி கேட்காமல் விட்டுவைத்திருக்கிறது. டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறார். வாயைத் திறந்து கேட்டே விட்டேன், போதும், கழற்றி வைத்துவிடுங்கள் என்று. "வெளியில எவனும் பிடுங்க முடியாதத வீட்டுக்குள்ள இருந்துகிட்டு நீ பிடுங்கப் பாக்கறியா லோரீன்?" என்றார். அந்த முகத்தை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் துப்பாக்கியை மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்தேன். காலை முழுக்கத் தேடினார், காருக்கு அடியில் படுத்துக்கூடத் தேடினார். கடைசியில் சமையலறையில் வந்து உட்கார்ந்து, "எங்க வச்சேன்னு தெரியல லோரீன், எனக்கு என்னமோ ஆகுது" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அந்த நேரத்தில்தான் டாக்டரிடம் போகலாம் வாருங்கள் என்று கையைப் பிடித்திருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை, அலமாரி மேலே இருந்தது என்று பொய் சொல்லி எடுத்துக் கொடுத்துவிட்டேன். வாங்கி இடுப்பில் செருகினதும் பழையபடி நிமிர்ந்து நடக்கிறார், அழுத ஞாபகம் போன இடம் தெரியவில்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள். நன்றித் திருநாளுக்கு மேபல் வருகிறாள் என்று பரணிலிருந்து உன் சின்ன வயசுக் கட்டிலை இறக்கி அவரே பெயின்ட் அடித்தார். நேற்று விரிப்பு மாற்றப் போனேன். தலையணையைத் தூக்கினால் அடியில் அது கிடக்கிறது. கட்டில் ஆடுகிறதா என்று படுத்துப் பார்த்திருப்பார், இடுப்பில் உறுத்தியிருக்கும், எடுத்து வைத்திருப்பார். மனுஷன் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். துப்பாக்கி எங்கே என்று கேட்டேன். "எங்க இருக்கும், இங்கதான்" என்று இடுப்பைத் தட்டிக் காட்டினார், இந்தத் தடவை பார்க்கக்கூட இல்லை.

அதனால் நீங்கள் வர வேண்டாம். உன் முகத்தைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது, மேபலை மடியில் வைத்துக் கொஞ்ச எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும், அப்படிப்பட்ட நான்தான் சொல்கிறேன், வராதே. லீவு கிடைக்கவில்லை என்று அவரிடம் நீயே போனில் சொல்லிவிடு, பொய் சொன்ன பாவம் என் தலையில் இருக்கட்டும். இந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறந்துவிடாதே. இப்போதுகூடக் கதவோரம் நின்று யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார், உனக்கு என்றேன். "கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிட்டேன்னு எழுது, மேபல் சந்தோஷப்படுவா" என்றார். எழுதிவிட்டேன்.

கர்த்தருடைய கை உங்கள் மூன்று பேர் மேலும் இருப்பதாக. பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போடு.

வாசலைப் பார்த்தபடி இருக்கும் உன் அம்மா,
லோரீன்